காரைக்குடியிலிருந்து சாலை ஓட்டம்: பார்ப்பதற்கும் ஓடுவதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கிரிக்கெட் ரசிகர் எவ்வளவு ஆசைப்பட்டாலும், சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் நாளில் மட்டையோடு உள்ளே இறங்க முடியாது. கபடிக்கும் கால்பந்துக்கும் அப்படித்தான். சாலை ஓட்டத்தில் மட்டும் அந்த வேலி கிடையாது. மும்பை மாரத்தானில் எத்தியோப்பிய வீரர்கள் பரிசுக்கு ஓடும் அதே ஞாயிற்றுக்கிழமை, அதே சாலையில், தேவகோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரும் ஓடலாம். அவருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள எண் எழுதிய சீட்டு, அதாவது ஒரு பிப் உண்டு, ஓடிய நேரத்தை அளக்கும் ஒரு சிப் உண்டு, முடிவுப் பட்டியலில் பெயரும் நேரமும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட மாரத்தான் பாதையைப் பொதுமக்கள் ஓடுவதற்குத் திறந்துவிட்டார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் பார்ப்பதையும் ஓடுவதையும் பிரிக்காமல் சொல்கிறேன். பெரிய வீரர்களின் ஓட்டத்தைக் கவனித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத் தன் வேகத்தை அடக்கி வைக்கத் தெரியும். முதல் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அந்த அடக்கம்தான் வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் பக்கம் இருந்துகொண்டு, இதுவரை டிவியில் மட்டும் விளையாட்டு பார்த்து வந்தவர், வருகிற ஜனவரியில் ஒரு 10 கி.மீ. ஓட்டத்தை முடிப்பதற்கான வழி இது. 21.1 கி.மீ. ஓடும் ஹாஃப் மாரத்தானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: ஒரு மாரத்தானைக் காகிதமும் பேனாவுமாகப் பாருங்கள்

ஷூ வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யலாம். செலவில்லை.

பெரிய மாரத்தான்கள் நம் நேரத்துக்கு எப்போது வருகின்றன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டோக்கியோ மார்ச் தொடக்கத்தில், காலை ஆறு மணிக்கு முன்பே தொடங்கிவிடும். பாஸ்டன் ஏப்ரல் மூன்றாம் திங்கள், இரவு ஏழு மணிக்கு மேல். லண்டன் ஏப்ரல் கடைசி வாக்கில், பிற்பகல் இரண்டு மணிக்கு. பெர்லின் செப்டம்பர் பிற்பகுதி ஞாயிறு, மதியச் சாப்பாட்டு நேரம். சிகாகோ அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, மாலை ஆறு மணி. நியூயார்க் நவம்பர் முதல் ஞாயிறு, இரவு ஏழரைக்கு மேல். சிட்னி ஆகஸ்ட் கடைசியில், நமக்கு நள்ளிரவு தாண்டி வரும். அதைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்க வேண்டாம், மறுநாள் பார்க்கலாம். புதிதாகப் பார்ப்பவருக்கு சிகாகோதான் வசதி. ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

பார்க்கும்போது ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் முதலில் போகிறவரின் நேரத்தை எழுதுங்கள். பாதித் தூரமான 21.1 கி.மீ. நேரத்தைத் தனியாக எழுதுங்கள். கடைசியில் இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதற்கு இரண்டு ஓட்டங்களைச் சொல்கிறேன். 2022 பெர்லினில் கென்யாவின் எலியுட் கிப்சோகே முதல் பாதியை 59 நிமிடம் 51 விநாடியில் ஓடினார். இரண்டாம் பாதிக்கு 61 நிமிடம் 18 விநாடி ஆனது. மொத்தம் 2:01:09, அன்றைக்கு அது உலக சாதனை. அடுத்த ஆண்டு சிகாகோவில் இன்னொரு கென்ய வீரர் கெல்வின் கிப்டம் முதல் பாதியை 60:48இல் ஓடினார். கிப்சோகேயைவிட ஏறக்குறைய ஒரு நிமிடம் மெதுவாக. இரண்டாம் பாதியை 59:47இல் முடித்தார். மொத்தம் 2:00:35. முதல் பாதியில் பின்தங்கியிருந்தவர் முடிவில் 34 விநாடி முன்னால் நின்றார். இருவருமே மாபெரும் வீரர்கள். கிப்டம் 2024 பிப்ரவரியில் கார் விபத்தில் இறந்துபோனபோது அவருக்கு வயது 24. அந்தச் செய்தி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. யாராவது எனக்கு ஓடக் கற்றுக்கொடு என்று கேட்டால், அவருடைய அந்தச் சிகாகோ ஓட்டத்தைத்தான் நான் முதலில் காட்டுவேன். தொடக்கத்தில் கொஞ்சம் பொறுத்தால் கடைசியில் கால் மிச்சமிருக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். கிப்டமின் சராசரி வேகம் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51 விநாடி. 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 69 விநாடி. உடம்பு ஓரளவு பழகிய பிறகு, பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் ஒரே ஒரு சுற்றை அந்த வேகத்தில் ஓடிப் பார்க்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அரைச் சுற்றிலேயே மூச்சு முட்டும். அவர் அப்படி 105 சுற்றுக்கு மேல் ஓடினார். அந்த அரைச் சுற்றுக்குப் பிறகு டிவியில் ஓட்டம் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

இரண்டாம் படி: பின்தொடர நாலைந்து பேரைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாரையும் பின்தொடர்ந்தால் யாருமே மனதில் நிற்க மாட்டார்கள். பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

புதுக்கோட்டை நமக்குக் கூப்பிடு தூரம். அந்த மண்ணிலிருந்து வந்த ஜி. லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடுதளத்தின் உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததற்காகப் பதக்கம் பறிபோனது. தொலைதூர ஓட்டத்தில் விதி எவ்வளவு கறாரானது என்று அன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான்.

இன்று ஓடுகிற இந்தியர்களில் குல்வீர் சிங்கைத் தவறவிடாதீர்கள். 2025இல் தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசியப் போட்டியில் லட்சுமணனைப் போலவே 5000, 10,000 இரண்டிலும் தங்கம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்து அவினாஷ் சாப்ளே தடைகளையும் நீர்ப்பள்ளத்தையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ்காரர். ஆனால் 2020 டெல்லி ஹாஃப் மாரத்தானை 60 நிமிடம் 30 விநாடியில் ஓடியவர். கேரளத்தின் டி. கோபி 2017இல் ஆசிய மாரத்தான் சாம்பியன் ஆனார். பழையவர்களில் ஷிவ்நாத் சிங்: 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2:12:00, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியச் சாதனையாக நின்றது. பெண்களில் 2015 பெய்ஜிங்கில் 2:34:43 ஓடிய ஓ.பி. ஜெய்ஷா.

இந்தியாவில் வெளிநாட்டு முன்னணி வீரர்கள் வந்து ஓடும் சாலை ஓட்டங்கள் நான்கு: ஜனவரி மூன்றாம் ஞாயிறு மும்பை மாரத்தான், ஏப்ரல் கடைசி வாக்கில் பெங்களூரு 10 கி.மீ., அக்டோபரில் டெல்லி ஹாஃப், டிசம்பரில் கொல்கத்தா 25 கி.மீ. இவற்றில் இந்திய வீரர்களுக்கென்று தனித் தரவரிசையும் பரிசும் உண்டு. முன்னால் ஓடும் கூட்டத்தை மட்டும் கேமரா காட்டும். நீங்கள் இந்தியர்களின் நேரத்தை முடிவுப் பட்டியலில் தேடிப் படியுங்கள்.

ஊக்கமருந்து விஷயத்தையும் கண் திறந்து பாருங்கள். 2024 சிகாகோவில் 2:09:56 ஓடி உலகை வியக்க வைத்த கென்ய வீராங்கனை ரூத் செப்ங்கெடிச், 2025இல் ஊக்கமருந்து விதி மீறலுக்காக மூன்று ஆண்டு தடை வாங்கினார். ரசிகருக்கு அது வலிக்கத்தான் செய்யும். அதற்காக எல்லாரையும் சந்தேகிப்பதும் நியாயமில்லை. நமக்கு அதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது: ஜிம்மில் யாரோ தரும் பெயர் தெரியாத பவுடரையும் மாத்திரையையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

மூன்றாம் படி: மருத்துவர், பிறகு ஷூ

நாற்பது வயது தாண்டியவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர், வீட்டில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருப்பவர், இவர்கள் மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுத்துவிட்டுத்தான் ஓடத் தொடங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஓடும் நாளில் அளவை எப்படி மாற்றுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நம் ஊரில் அளவு கிடைக்காவிட்டால் மதுரைக்கோ திருச்சிக்கோ ஒரு நடை போய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. ஆன்லைனில் தள்ளுபடி பார்த்து வாங்கிய ஷூ நகத்தைக் கறுப்பாக்கிவிடும். டிவியில் பார்க்கும் கார்பன் தகடு வைத்த தடித்த ஷூ வேண்டாம். சாலை ஓட்டத்தில் அடிப்பாகம் 40 மி.மீ.க்கு மேல் தடிக்கக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு விதி போடும் அளவுக்கு அது வேகத்துக்கென்றே செய்த பொருள். புதியவரின் கெண்டைக்கால் அதைத் தாங்காது. சாதாரண ஓட்ட ஷூ 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும்.

நான்காம் படி: எங்கே ஓடுவது

இதில் செட்டிநாட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஊருக்கு ஊர் ஊருணி இருக்கிறது. உங்கள் ஊர் ஊருணியைச் சுற்றி வர எத்தனை மீட்டர் என்று போனில் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ஓடுதளம். வழி தவறாது, வண்டித் தொல்லை குறைவு, களைத்தால் படிக்கட்டில் உட்காரலாம், தண்ணீர் பாட்டிலை ஓரிடத்தில் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வரலாம். புதிதாக ஓடும் பெண்களுக்கும் நான் ஊருணியைத்தான் சொல்வேன். தெருக்காரர்கள் கண்ணில் படும் இடம், வீடு பக்கம்.

கண்மாய்க் கரையின் செம்மண் பாதை முட்டிக்கு மிகவும் இதமானது. ஆனால் நன்றாக விடிந்த பிறகுதான் அங்கே போக வேண்டும். இருட்டில் பூச்சி பொட்டு இருக்கும். மழை பெய்த மறுநாள் செம்மண் வழுக்கும்.

காரைக்குடியில் அழகப்பா வளாகத்தை ஒட்டிய கல்லூரிச் சாலை மர நிழலுள்ளது, காலையில் நடப்பவர்களின் துணையும் கிடைக்கும். உடற்கல்விக் கல்லூரி இருக்கும் ஊர் நம்முடையது. அங்கே படிக்கும், பயிற்சி தரும் யாரையாவது அறிமுகப்படுத்திக்கொண்டு உங்கள் ஓட்டத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். காலை வைக்கும் விதத்தில் இருக்கும் குறையைப் பயின்ற கண் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குச் சுமார் 10 கி.மீ. நீண்ட ஓட்டம் பழகிய பிறகு, முருகன் மலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஓடுவது சுகம்தான். ஆனால் நெடுஞ்சாலையில் ஓடும்போது சாலையின் வலப்புறம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். முதுகு காட்டி ஓடினால்தான் துரத்தும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள்.

ஐந்தாம் படி: பதினாறு வாரம்

ஆவணிக் கடைசியில் தொடங்கினால் ஜனவரி முதல் வார ஓட்டத்துக்குச் சரியாக வரும். பயிற்சி உண்மையில் பன்னிரண்டு வாரத்துக்கானது. மீதி நான்கு வாரத்தை வேண்டுமென்றே சும்மா விட்டிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை, காய்ச்சல், தீபாவளி, கல்யாண வீடுகள் என்று அந்த வாரங்கள் எப்படியும் போய்விடும். போனால் பதறி, ஒரே வாரத்தில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். காய்ச்சல் வந்தால், அது விட்டுச் சில நாள் கழிந்து, படியேறினால் மூச்சு வாங்காத நிலை வந்த பிறகே ஓடுங்கள்.

முதல் மூன்று வாரம்: வாரத்துக்கு நான்கு நாள். ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை. அவ்வளவுதான். இதைப் படிக்கும்போது "இவ்வளவுதானா?" என்று தோன்றும். தோன்றட்டும். உங்கள் இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு சரியாக இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் முன்னங்கால் எலும்பில் வலி வருகிறது.

நான்கு முதல் ஆறாம் வாரம் வரை ஓட்டத்தை மூன்று நிமிடமாக்கி, நடையை ஒரு நிமிடமாகக் குறையுங்கள். முடிவில் ஐந்துக்கு ஒன்று என்று வர வேண்டும். ஏழு, எட்டாம் வாரத்தில் நிற்காமல் அரை மணி நேரம் ஓட முடியும். அது பலருக்கு 4 கி.மீ. இருக்கும், சிலருக்கு 5. இரண்டுமே நல்லது.

ஒன்பதிலிருந்து பதினொன்றாம் வாரம் வரை ஞாயிறு காலை லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம்: 6, 7, பிறகு 8 கி.மீ. மற்ற நாட்களில் அரை மணி நேரம் போதும். வாரத்தில் ஒருநாள் மட்டும், ஓட்டத்தின் முடிவில் இருபது விநாடி வேகமாக ஓடி, மூச்சு அடங்கும்வரை நடந்து, இதை நான்கு முறை செய்யுங்கள். பன்னிரண்டாம் வாரம் ஓட்ட வாரம். தூரத்தைப் பாதியாக்கிக் காலுக்கு ஓய்வு கொடுங்கள். 8 கி.மீ. ஓடியவரால் கூட்டத்தின் உற்சாகத்தில் 10 ஓட முடியும்.

எந்த வேகம்? பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். தனியாக ஓடினால், தெரிந்த பாட்டை இரண்டு வரி வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். பாட முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். உலகத் தரத்து வீரர்களே வாரத் தூரத்தில் பெரும்பகுதியை அவர்களுக்கு மிகச் சுலபமான வேகத்தில்தான் ஓடுகிறார்கள். நாம் டிவியில் பார்ப்பது பந்தய நாளை மட்டும்; அதற்குப் பின்னாலுள்ள நூற்றுக்கணக்கான மெதுவான காலைகளைக் கேமரா காட்டுவதில்லை.

வாரத்தில் இரண்டு நாள், பத்துப் பதினைந்து நிமிடம், காலுக்கு வலுவூட்டுங்கள்: நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. வலியில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு காலிலும் பரவலாக இருந்து, ஓடத் தொடங்கியதும் குறையும் வலி பெரும்பாலும் பழக்கத்தின் வலி. ஒரே இடத்தில் விரலால் தொட்டுக் காட்டும்படி இருந்து, ஓட ஓடக் கூடினால், அன்றே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.

ஆறாம் படி: வெயிலும் சாப்பாடும்

பங்குனி, சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் தூரத்தைக் கூட்டாதீர்கள். ஐபிஎல் நடப்பதும் அப்போதுதான். ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் பதினொன்றரை வரை போகும். அதைப் பார்த்துவிட்டு நாலரைக்கு எழுந்து ஓடினால் உடம்புக்கு இரண்டு பக்கமும் நட்டம். அந்தப் பருவத்தை ஆட்டம் பார்க்கவும், வாரத்துக்கு மூன்று நாள் சும்மா மெதுவாக ஓடவும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு கிரிக்கெட் லீக்கான டிஎன்பிஎல் பருவத்தில் நத்தத்துக்கு ஆட்டம் பார்க்கப் போகிறவர்களும் மறுநாள் காலையை ஓய்வாக விட்டுவிடுங்கள். தூக்கம் குறைந்த உடம்பில் போட்ட பயிற்சி ஒட்டாது.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு, கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் உப்பும் வேண்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதுதான் வீட்டு ஓஆர்எஸ். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது, ஆனால் ஓடி முடித்த பிறகு. தாகத்துக்குக் குடியுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கமும் வலிப்பும்கூட வரலாம். நீண்ட ஓட்டங்களில் மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து கூடுதல்.

கூட ஓடுகிறவர் உளறினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால், அது வெயில் தாக்கம். நிழலில் கிடத்தி, முதலில் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்யுங்கள். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.

சாப்பாட்டில் நாம் எதையும் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. ஓட்டத்துக்கு முந்தைய இரவு இட்லியோ இடியாப்பமோ, எண்ணெய் குறைந்த குழம்போடு, எட்டு மணிக்குள். கோழி வறுவல், மிளகுச் சாறு, வெள்ளைப் பணியாரம் எல்லாம் ஓட்டம் முடிந்த மதியத்துக்கு. காலையில் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் ஒரு வாழைப்பழம், வேண்டுமானால் அரைக் காபி. ஓடி வந்து அரை மணி நேரத்தில் குழிப்பணியாரமும் முட்டையும், அல்லது கும்மாயமும் பாலும். உளுந்தும் கருப்பட்டியும் சேர்ந்த கும்மாயத்தைவிட ஓடியவருக்கு ஏற்ற பண்டத்தை எந்த ஆய்வகமும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. புதிய உணவு எதையும் ஓட்ட நாளில் பரிசோதிக்காதீர்கள்.

ஏழாம் படி: தூரத்தைத் தேர்ந்து பதிவு செய்வது

மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. பெரிய மாட்டுக்கு ஒரு தூரம், சின்ன மாட்டுக்கு ஒரு தூரம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பூஞ்சிட்டுக் காளையைப் பெரிய மாட்டுப் பந்தயத்தில் யாரும் பூட்ட மாட்டார்கள். முதல் ஆண்டில் ஹாஃபுக்குப் பதிவு செய்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஃபுல் மாரத்தான் 42.195 கி.மீ.; முதல் முறை ஓடியதிலிருந்து இரண்டு ஆண்டாவது கழித்து அதை யோசியுங்கள்.

சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரி தொடக்கத்தில் வரும். மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். இடம் தீர்ந்துவிடுவதும் உண்டு. பதிவு செய்யும்போது மூன்று விஷயம் பாருங்கள்: ஓட்டத்தை முடித்தாக வேண்டிய கட்-ஆஃப் நேரம் எவ்வளவு, பிப் எந்த நாட்களில் எங்கே தருகிறார்கள், பணம் திருப்பித் தருவார்களா. பெரிய ஓட்டங்களில் பெரும்பாலும் ஓட்ட நாள் காலையில் பிப் தர மாட்டார்கள்.

எட்டாம் படி: பயணமும் ஓட்ட நாளும்

பல்லவன் எக்ஸ்பிரஸ் இதற்கு மிகத் தோது. சனிக்கிழமை அதிகாலை காரைக்குடியில் ஏறினால் மதியத்துக்குச் சென்னை. பிப்பை வாங்கிக்கொண்டு, தொடக்க இடத்துக்கு அருகில் அறை எடுத்து, மாலை ஆறு மணிக்கு மேல் எங்கும் சுற்றாதீர்கள். ஞாயிறு பிற்பகல் அதே வண்டியில் திரும்பலாம். நேரமும் நிலையமும் மாறியிருக்கிறதா என்று முன்பதிவின்போது பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கலை ஒட்டிய வாரங்களில் டிக்கெட் சீக்கிரம் தீரும்.

முந்தைய இரவே பிப்பைச் சட்டையில் நான்கு ஊக்கால் குத்தி வையுங்கள். பிப்பின் பின்பக்கம் உங்கள் ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதுங்கள். உராயும் இடங்களில் வாசலின் தடவுங்கள்: அக்குள், தொடை, மார்பு, கால்விரல் இடுக்கு. இந்தக் கலையில் நம்மிடையே பெரிய ஆசான்கள் இருக்கிறார்கள். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியோடு போய்வந்த பெரியவர்களிடம் கேளுங்கள். கொப்புளம் வராமல் காப்பது, வந்தால் என்ன செய்வது, எங்கே நிறுத்தினால் கால் இறுகிவிடும், எதைச் சாப்பிட்டால் வயிறு அமைதியாக இருக்கும், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எனக்குத் தெரிந்த பாதப் பராமரிப்பில் பாதிக்கு மேல் அவர்களிடம் கேட்டதுதான்.

தொடக்கத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கழிப்பறை வரிசை நீளமாக இருக்கும். கூட்டத்தின் பின்பகுதியில் நில்லுங்கள். சிப் நேரம் நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் தொடங்கும், எனவே பின்னால் நிற்பதால் இழப்பில்லை.

முதல் 2 கி.மீ. இந்த நாளின் மிகக் கடினமான பகுதி. கால் துள்ளும், மேளம் கேட்கும், எல்லாரும் உங்களை முந்துவார்கள். பயிற்சியில் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஓடியவர், முதல் இரண்டு கிலோமீட்டரை ஏழரையில் ஓட வேண்டும். சிகாகோவில் முதல் பாதியை மெதுவாக ஓடியவரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலிருந்து ஏழு வரை பயிற்சி வேகம். எட்டாவது கிலோமீட்டரில் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். ஏழு நிமிட வேகத்தில் 10 கி.மீ. என்றால் 70 நிமிடம். முதல் ஓட்டத்தில் அது நல்ல நேரம்.

தண்ணீர் மேசையில் முதல் ஆளிடமே வாங்க முண்டாதீர்கள். கடைசி மேசையில் கூட்டம் இருக்காது. வாங்கியதும் ஓரமாக நடந்து குடித்துவிட்டு ஓடுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத் தாக்கும். நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்குப் பரவும் வலியோ, தலைச்சுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நின்று மருத்துவ உதவியாளரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் கைக்கடிகாரம் 10.1 என்று காட்டலாம். அமைப்பாளர்மேல் கோபப்பட வேண்டாம். சான்று பெற்ற பாதைகளைச் சைக்கிள் சக்கரத்தில் பொருத்திய ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற கருவியால், வளைவுகளின் குறுக்கு வழியாக அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்த்தும் விடுகிறார்கள். நாம் வளைவில் அகன்று ஓடுவதால் தூரம் கூடுகிறது. முன்னணி வீரர்கள் வளைவை எப்படி நறுக்கிப் போகிறார்கள் என்று அடுத்த முறை டிவியில் பாருங்கள்.

ஒன்பதாம் படி: அதற்கு அடுத்த பத்து நாள்

முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடைபாதையில் போய்வாருங்கள். இரண்டு நாள் ஓட்டம் வேண்டாம், நடை மட்டும். அந்த வாரக் கடைசியில் ஊருணியைச் சுற்றி மெதுவாக இருபது நிமிடம்.

முடிவுப் பட்டியலில் உங்கள் 5 கி.மீ. நேரத்தையும் 10 கி.மீ. நேரத்தையும் எடுத்து, சிகாகோ ஓட்டத்துக்கு எழுதினீர்களே அந்தக் காகிதத்திலேயே, அதன் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாம் பாதி வேகமாக இருந்தால் அடுத்த தூரத்துக்கு நீங்கள் தயார். எட்டு மாதப் பயிற்சியில் ஹாஃப் ஓடலாம். மெதுவாக இருந்தால் இன்னொரு 10 கி.மீ. ஓடுங்கள்.

அதற்குள் தை பிறந்து சிராவயல் மஞ்சுவிரட்டு வந்துவிடும், அதை ஒட்டிய ஞாயிறு மும்பை மாரத்தானும். காலை ஏழு மணிக்கு மேல் முன்னணி வீரர்கள் கிளம்புவார்கள். 2023இல் அங்கே எத்தியோப்பியாவின் ஹய்லே லெமி 2:07:32 ஓடினார். 5 கிலோமீட்டருக்கு ஒருமுறை நேரத்தை எழுதியபடி, முதல் இந்தியர் யார், அவருடைய இரண்டு பாதியும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.